ஆற்றோடு போன பை

தம்பி, போன் பண்ணினால் "வேலயில இருக்கேன்ப்பா, அப்பறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாய். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால், பேச ஆரம்பித்ததும் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் தாடியைப் பற்றித் திட்டிக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டவன் எழுத்து இது. கோணல்மாணலாகத்தான் இருக்கும், சிரிக்காதே. மருமகளிடம் பிறகு காட்டிக்கொள், முதலில் நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படி. சனிக்கிழமை பெர்த்துக்கு விமானம் ஏறுவதற்குள் படித்துவிடு. அங்கே போய் இறங்கிய பிறகு படித்தால் உனக்கும் பிரயோசனமில்லை, எனக்கும் இல்லை.

உன் அக்கா விமலாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ராஜம்மா அத்தை பீடோரிலிருந்து போன் பண்ணி, நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். அடுத்தவர் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்வதில் என் அக்காவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. "ஜெயிலுக்கும் அவளாத்தான் போனா. அங்கேருந்து டிபி கொண்டாந்தா. மருந்து குடுத்து அனுப்புனாங்க, அதயும் அவளே தூக்கிப் போட்டுட்டா. இப்ப ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு தம்பி வரலியான்னா, நான் என்னா அத்தே செய்யறது? எனக்குப் புள்ள இருக்குலா." இப்படிச் சொன்னாயாம். பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை. விசாவுக்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னபோது நீ எப்படிப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். மூன்று பேர் சோதனையும் சுத்தமாக வந்த அன்றைக்கு அழாத குறையாக எனக்குப் போன் பண்ணினாய். கமுந்திங் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், இராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி நின்று நீ சம்பாதித்த வாய்ப்பு இது. உன் இடத்தில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன். ஆனால் நடுவில் ஒன்று சொன்னாயே, மருந்தை அவளே தூக்கிப் போட்டுவிட்டாள் என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அது அப்படி நடக்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். விமலாவைப் பிடித்தபோது உனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தோம். அவள் நம்பிப் பழகிய அந்தப் பயல் அவள் அறையில் போதைப்பொருளை வைத்துவிட்டுப் போய்விட்டான். போலீஸ் வந்தபோது அவன் இல்லை, அவள் இருந்தாள். அவன் பெயரை எழுதி இந்தக் காகிதத்தை அழுக்காக்க எனக்கு இஷ்டமில்லை. பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக் குடும்பம், தைப்பிங்கில் தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ சாப்பிடாமல் சுற்றினாய். "நீ ஜெயில் பக்கம் வராத, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்தான். அதனால் நீ வரவில்லை என்று அவளோ நானோ ஒருநாளும் குறை நினைத்ததில்லை. நான் மட்டும் போய்வந்தேன். முதல் தடவை சிலிப்பர் மாட்டிக்கொண்டு போனேன், மூடின சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த ஒருவர், "இங்க வார எல்லா அப்பனும் மொத தடவ இப்படித்தாண்ணே வாரான்" என்று சொல்லித் தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது என் காலைவிடப் பெரிது. டக்கு டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு நடந்துபோய்த்தான் என் மகளைக் கைதி உடையில் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் நான், பேசுவதற்கு ஒரு டெலிபோன். உங்கள் அம்மா இருந்திருந்தால் அந்த டெலிபோனில் அரைமணி நேரத்தில் பாதி ஜெயிலின் கதையைக் கேட்டு வாங்கியிருப்பாள். அம்மா போன பிறகு நானும் விமலாவும் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி, கேஸ், உன் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். வளர்ந்த பெண்ணிடம் உடம்புக்கு என்ன என்று கேட்க எனக்கு நாக்கு எழாது. "சாப்ட்டியா?" என்பேன். "சாப்ட்டேன்ப்பா" என்பாள். "தூங்குனியா?" என்பேன். ஒரு தடவை அவள் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி இருமினாள். சத்தம் கேட்கவில்லை, தோள் மட்டும் ரொம்ப நேரம் குலுங்கியது. "என்னாம்மா?" என்றேன். "சும்மா பாத்தோக்தான்ப்பா, இருமல். இங்க எல்லாருக்கும் இருக்கு" என்றாள். எல்லாருக்கும் இருக்கிறதென்றால் பெரிய விஷயமில்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் இருப்பதுதான் பெரிய விஷயம் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

உள்ளே நடந்ததை அவள் இப்போதுதான், ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறாள். இராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தால்தான் எல்லாருக்கும் இடம் போதுமாம். ஒருத்தி திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டுமாம். இவளுக்குப் பக்கத்தில் யாத்தி என்று ஒரு மலாய்ப் பெண், வயதில் மூத்தவள், எல்லாரும் காக் யாத்தி, அதாவது யாத்தி அக்கா என்று கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவளுக்குத் தலை வாரிவிடுவாள், பேன் பார்ப்பாள், அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். விமலா போன முதல் வாரம் முழுக்க அவள் போர்வைக்குள்தான் படுத்திருக்கிறாள். அந்தக் காக் யாத்திக்கு இருமல். இருமுகிறவளைத் தனியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், வீட்டிலிருந்து யார் வந்தாலும் பார்க்க விடமாட்டார்கள் என்று பெண்களுக்குள் ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் பயம். அவளுக்குக் கிளந்தானில் ஒரு மகன். பஸ் பிடித்து எப்போதோ ஒரு தடவைதான் அவனால் வர முடியும். அவன் வருகிற நாள் தப்பிப்போகக் கூடாது என்பதற்காக, ஆள் எண்ணும் நேரத்தில் மற்ற பெண்கள் அவளைச் சுற்றி நின்று, தாங்களும் இருமி, அவள் இருமல் தனியாகக் கேட்காமல் பார்த்துக்கொண்டார்களாம். "பாவமா இருந்துச்சுப்பா, அதான் நானும் இருமுனேன்" என்றாள் உன் அக்கா. கடைசியில் ஒருநாள் காக் யாத்தியால் எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. அந்த மகன் வந்தானா என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாப் பெண்களையும் சோதித்துப் பார்த்ததில் விமலாவுக்கும் இன்னும் சிலருக்கும் டிபி என்று தெரிந்தது. மருந்து ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் வார்டர் முன்னால் நின்று விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். கொஞ்ச நாளில் இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்தது. அந்தச் சமயத்தில் நான் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லா குண்டாயிட்டே, ஜெயில் சோறு ஒத்துக்கிச்சு போல" என்று கேலி செய்தேன். அவள் டிபி என்ற வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் நான் பயந்துபோய், ஓட்டுகிற பள்ளிக்கூட வேனை எங்காவது மோதிவிடுவேன் என்று நினைத்தாளாம். விடுதலை நாள் வந்தபோது மருந்து பாதியில் இருந்தது. மிச்சத்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், நன்றாக ஆனது போல் இருந்தாலும் நிறுத்தக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி, முதல் சில நாளைக்கு வேண்டிய மாத்திரையும் ஈப்போ கிளினிக்கில் காட்ட ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவள் அதைத் தன் பழைய துணிகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அதற்குள் உன் கல்யாணம் முடிந்து, குட்டியும் பிறந்து, சம்பந்தி வீட்டாரும் விஷயம் தெரிந்து பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். உன் புதுக் காரை எடுத்துக்கொண்டு நீயே வந்தாய். அவள் கதவைத் திறந்து ஏறியதும் "எக்கா, பெல்ட்ட போடு, திரும்பவும் போலீஸ் புடிக்கப் போறான்" என்று நீ சொன்னதற்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்து நான் பின்சீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன். நேராக வீட்டுக்குப் போகக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தோட்டத்தில் அதுதான் வழக்கம். லாக்கப்பிலோ ஜெயிலிலோ இருந்துவிட்டு வருகிறவன் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் தலை முழுகி, அங்கேயிருந்து கொண்டுவந்த அத்தனையையும் தண்ணீரோடு விட்டுவிட்டு, புதுத்துணி உடுத்தி, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஒரு துரும்பு கூட வீட்டுப் படி ஏறக் கூடாது, ஏறினால் பீடை பின்னாலேயே வரும். அந்தத் தோட்டம் கைமாறி, ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாமும் ஈப்போவில் புந்தோங்குக்குக் குடிவந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் கோயிலும் ஆறும் அங்கேதானே இருக்கின்றன. ஈப்போவைத் தாண்டிப் பீடோர் வரைக்கும் காரை விட்டோம்.

அத்தை மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தாள். விமலா ஆற்றில் முங்கி எழுந்தாள். நீ வாங்கிக்கொண்டு வந்த மஞ்சள் சுடிதாரை உடுத்திக்கொண்டு, ஈரத் தலையோடு கரையில் நின்றாள். "அந்தப் பையையும் வுட்ரணும்" என்றாள் அத்தை. விமலா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒன்னும் இல்லத்தே, வெறும் துணிதான். இருக்கட்டுமே" என்றாள். "துணியத்தான் வுடணும்" என்று அத்தை சொன்னாள். நான்தான், நன்றாகக் கேள், நான்தான் உன்னிடம் சொன்னேன். "தம்பி, வாங்கி நடு ஆத்துல வீசு. கரையில ஒதுங்கிடப் போவுது" என்று சொன்னேன். நீ அவள் கையிலிருந்து பையை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, "போய்த் தொலையட்டும்லா, இனிமே நல்ல காலந்தான்" என்று கத்திக்கொண்டே வீசினாய். அத்தை கையைத் தட்டினாள். விமலா ஒரு அடி தண்ணீருக்குள் எடுத்து வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். ஏதாவது நல்ல துணி அதில் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ திரும்பி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினாய், அவளும் சிரித்துவிட்டாள். அம்மா செத்த பிறகு நம் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஹோட்டலுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்டு வாங்கிவந்து சமைப்பாள், காரம் தாங்காமல் நான் திட்டுவேன். நீங்கள் தைப்பிங்கிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவள் குட்டியை மடியில் வாங்கினாள், ஆனால் முகத்தை அந்தப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். கொஞ்சவில்லை. ஒரு முத்தம் கொடுக்கவில்லை. "சொந்த அத்தை, ஒரு முத்தம் கொடுக்க மனசில்லையா" என்று மருமகள் வருத்தப்பட்டதாக நீ போகும்போது என்னிடம் சொன்னாய். நானும் அவளிடம் சண்டை போட்டேன். "ஜெயில்ல போயி மனசு கல்லாப் போச்சா உனக்கு?" என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அதெல்லாம் இல்லப்பா" என்றாள். இருமல் இல்லாத காலம் அது, உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தோடு தனியாகவே இருந்திருக்கிறாள்.

பிறகு ஏன் கிளினிக்குக்குப் போய் வேறு மருந்து கேட்கவில்லை என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். கத்திக் கேட்டேன். போனாளாம். புந்தோங் பக்கத்தில் இருக்கிற கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடிதம் கையில் இல்லை. எங்கே மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டால் ஜெயிலில் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிர்வரிசையில் என் வேனில் வருகிற பிள்ளை ஒன்றின் தாய் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நம்பர் கூப்பிடுவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளியிருக்கிறாள். இருமலும் இல்லை, ஒருவேளை முழுதாகவே குணமாகிவிட்டதோ என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் அவள்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நானாக இருந்தாலும் எழுந்து வந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

இருமல் திரும்ப வந்து, உடம்பு வற்றி, ஒருநாள் காலையில் கழுவுகிற தொட்டியில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும், நல்ல மாதிரி. முன்னால் மருந்து சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். ஏன் நிறுத்தினாய்? "சாயா புவாங்" என்றாள். நான் வீசிவிட்டேன் என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கே வீசினாய்? ஆற்றில் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அந்தப் பை எனக்கு ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் மாஸ்குக்கு மேலே கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள், சின்ன வயதில் உன்னை அடிக்கக் கையை ஓங்கினால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தைக்கு அந்தச் செய்தி எப்படியோ போய், அங்கேயிருந்து உனக்கு வந்தது.

அன்றைக்குச் சாயந்தரமே அவளிடம் கேட்டேன். "ஏம்மா, ஆத்தங்கரையில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மருந்து இருக்குன்னு சொன்னா தம்பி கொண்டாந்து குடுத்திருப்பானே." "நீங்க எல்லாரும் அவ்ளோ சந்தோசமா இருந்தீங்கப்பா. அவன் எனக்காக லீவு போட்டு வந்திருக்கான், எனக்குச் சுடிதார் வாங்கிட்டு வந்திருக்கான். அந்த நேரத்துல போயி எனக்கு டிபின்னு எப்படிப்பா சொல்றது? கார்ல ஏத்திக்குவானான்னு பயம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவன்தான் வீசுனான்னு அவனுக்குத் தெரியக் கூடாது. ஆளு பாக்கத்தான் முரடு. தெரிஞ்சா அங்க போயி ஒரு வேல ஓடாது அவனுக்கு" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் கொடுத்தேன். இப்போது அதை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் உடைக்கிறேன் என்றால், அவள்மேல் கோபத்தோடு நீ விமானம் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உன்னைக் குற்றவாளி ஆக்க எழுதவில்லை, ஐயா. நீ சந்தோஷத்தில் வீசினாய். நான் சொல்லித்தான் வீசினாய். அத்தை சொல்லித்தான் நான் சொன்னேன். அத்தைக்கு அவள் அம்மா சொல்லியிருப்பாள். காக் யாத்தியை மறைத்த பெண்களும் பாசத்தால்தான் மறைத்தார்கள். நானும் இத்தனை நாளாக யார்மேலாவது ஆத்திரப்பட வேண்டும் என்று ஆளைத் தேடிப் பார்க்கிறேன். ஒருவரும் அகப்படவில்லை. கெட்டவன் என்று ஒருத்தன் இருந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பேன். இதில் அதற்குக் கூட வழியில்லை.

பாதியில் விட்டதால் அந்தக் கிருமி பழகிப்போய்விட்டதாம், பழைய மாத்திரைக்கு இப்போது மசியவில்லையாம். வேறு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். அது வயிற்றைப் புரட்டுகிறது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. ஒரு பக்கத்து நுரையீரல் ஏறக்குறைய வேலை செய்யவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டேன். "முயற்சி செய்கிறோம், பாக்சிக்" என்று என்னை மாமா முறை வைத்துச் சொன்னார். என்னுடையதில் பாதியை வெட்டி அவளுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என்னையும் சோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. கல்லு மாதிரி இருக்கிறேன், அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் புந்தோங்கில் விஷயம் பரவி, பிள்ளைகளை வேறு வேனில் விட்டுவிட்டார்கள். வேன் மாமரத்தடியில் நிற்கிறது. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, என்ன சொல்ல முடியும்? தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கஞ்சி கொண்டுபோகிறேன். அவள் ரெண்டு வாய் குடித்துவிட்டு, நான் பார்க்காதபோது மூடிவைத்துவிடுகிறாள். வரும்போது மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரு அப்பனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்றால் நான் எதற்கு இருக்கிறேன் என்று தெரியவில்லை.

தூர தேசத்துக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். அங்கே போய் இருமல் நிற்காமல் இருந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் டாக்டரிடம் போ. ஒரு மருந்தை ஆரம்பித்தால் முடி. அதைவிட முக்கியமாக, வீட்டில் பெண்கள் "ஒன்னும் இல்ல" என்று சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளாதே. உன் அம்மா வயிற்றுவலியோடு ஒரு வருடம் "ஒன்னும் இல்ல" என்று சொன்னாள், நான் நிம்மதியாகப் பேப்பர் படித்தேன். விமலா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள், அப்போதும் நம்பினேன். மருமகள் சொன்னாலும், நாளைக்குக் குட்டி வளர்ந்து சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேள். திட்டினால் திட்டட்டும். நீ வீட்டில் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிற நேரத்திலும் யாராவது ஒருத்தி வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை ஈப்போவுக்கு வா. குட்டியையும் மருமகளையும் கூட்டிவர வேண்டாம், நீ மட்டும் வா. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நல்ல மாஸ்க் தருவார்கள், அறைக்குள் போக வேண்டாம், கதவில் கண்ணாடி இருக்கிறது, வெளியே நின்று போனில் பேசலாம், கொஞ்ச நேரம்தான், அதனால் உனக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாது என்று சொன்னார். அதற்கும் உனக்குப் பயமாக இருந்தால் வராதே. உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன், நினைக்கவும் எனக்குத் தகுதியில்லை. அவள் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. "தம்பி வரலியா" என்று அவள் கேட்டதாக அத்தை சொன்னது அத்தையாகச் சேர்த்தது. தினமும் அவள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், "தம்பி கெளம்பிட்டானாப்பா?" என்று. இல்லை என்று நான் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ வந்தால், டாக்டரிடம் சொன்னதையேதான் அவள் உன்னிடமும் சொல்வாள், "நான்தான்டா வீசுனேன், புத்தி கெட்டுப் போயி" என்று. அப்போது அவசரப்பட்டு உண்மையைப் பேசிவிடாதே. நான் சொல்லிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே, அவள் முன்னால் உடைந்து போகாதே. அழ வேண்டியதைக் காரில் வரும்போதே அழுது முடித்துவிட்டு வா. கதவுக்கு வெளியே நின்று, "ஏன்க்கா அப்படிச் செஞ்சே?" என்று கொஞ்சம் கோபமாகவே கேள். திட்டு. அவள் வாங்கிக்கொள்வாள், சிரிக்கக் கூடச் செய்வாள். உனக்குக் கொடுத்து அனுப்ப அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை, தம்பி. அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு போ.